பாவு கட்டிய காரின் பின்கண்ணாடி

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். இரவு லேசாகத் தூறி நின்றிருந்தது. மேற்கே கருமேகம், காற்று துளியும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி இருபத்தேழு காட்டியது. அந்த நிமிடத்தில்தான் என் மகளுடைய காரின் பின்கண்ணாடி உடைந்தது. நேரத்தை உத்தேசமாகச் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் சங்கிலி இழுத்தவன் நான். எது நடந்தாலும் எனக்கு முதலில் அளவு, அப்புறம்தான் பதற்றம். பதற்றமும் அளவு குறையாமல் வந்துவிடும்.

கார் மின்சாரத்தில் ஓடுவது. சேறு, மணல், பாறை எதிலும் ஏறும் என்று மகள் ஆசைப்பட்டு வாங்கினாள். ஒருமுறை என்னை உட்காரவைத்துத் தென்னேரி ஏரிக்குள் இறக்கிவிட்டாள். கோடையில் வற்றிய ஏரி. ஆனால் நடுவில் சேறு காயவில்லை. சக்கரம் பாதி புதைந்தும் வண்டி சத்தமே போடாமல் நடந்து வெளியே வந்தது. நான் கைப்பிடியை விடவே இல்லை, வண்டியைச் சபிப்பதையும் நிறுத்தவில்லை. அந்த ஆகஸ்டு வாரம் அவள் அலுவலக வேலையாகப் பூனாவுக்குப் போயிருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில், வீட்டு வாசலில் வண்டியை விட்டு, வீட்டிலிருந்து சார்ஜ் ஒயரைச் செருகிவிட்டுப் போனாள். எனக்கு ஸ்கூட்டர் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஏழு நாளும் அதைக் காவல் காப்பதுதான் என் வேலை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை சுற்றிவந்து கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு நெசவாளர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். அவரும் அவர் மனைவியும் ஒரே தறியில் மாறி மாறி நெய்பவர்கள்.

"சார், நாளைக்குக் காலையில பாவு போடறோம். வண்டியக் கொஞ்சம் நவுத்தினீங்கன்னா நல்லாருக்கும். கல்லு மறையுது."

தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாட்டு இழைகளையெல்லாம் தெருவில் விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். அதற்குத்தான் பாவு போடுவது என்று பெயர். ஒரு முனையைத் தெருக்கோடியில் கட்டுவார்கள். மறுமுனையைக் கட்ட ஒரு கல் நட்டிருக்கிறது. அந்தக் கல் எங்கள் வாசலில், சரியாகக் காருக்குப் பின்னால் மறைந்து நின்றது.

"எனக்கு ஓட்டத் தெரியாதேப்பா."

"இன்னா சார், இம்மாம் பெரிய வண்டிய வச்சிக்கினு ஓட்டத் தெரியாதுன்றீங்க!"

"நான் எங்க வச்சிருக்கேன்? பொண்ணு வச்சிருக்கா. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் காரைச் சுற்றிவந்தார். பின்பம்பருக்குக் கீழே, சேற்றில் மாட்டினால் இழுப்பதற்கென்று ஒரு கனத்த இரும்பு வளையம் இருக்கிறது. அதைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வண்டி அசையவில்லை. "இதுவே கல்லு மாதிரிதான் சார் இருக்குது. இதுல கட்டிக்கட்டுமா?"

வண்டியின் எடை எனக்குத் தெரியும்; பத்திரத்தில் படித்திருக்கிறேன். இரண்டு டன்னுக்கு மேல். கல்லைவிட இது உறுதி என்று கணக்கு போட்டுவிட்டுத்தான் சரி என்றேன்.

விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். அறுபத்திரண்டு அடி நீளத்துக்கு மஞ்சள் பட்டு. குறுக்கே ஏறக்குறைய ஐயாயிரம் இழை. மூன்று புடவைக்கான பாவு. தெருவில் பாவு ஏறிவிட்டால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பல் விளக்கிக்கொண்டே வந்து ஆளுக்கொரு கோலைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றும் ஏழு பேர் வந்திருந்தார்கள். கஞ்சி தோய்த்து முடித்ததும் ஈரப் பட்டு இருட்டில் தானே வெளிச்சம் விடுவதுபோல் இருந்தது. முப்பத்தாறு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். நான் தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எனக்கு நெசவு தெரியாது. ஆனாலும் பாவு போடும் காலையில் ஒரு நாளும் உள்ளே உட்கார்ந்திருந்ததில்லை.

பாவை விறைக்க வைக்க, கயிற்றை இரட்டையாகக் கட்டி நடுவில் ஒரு கோலைச் செருகி முறுக்குவார்கள். நெசவாளர் முறுக்கிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கஞ்சி. கோல் வழுக்கிவிட்டது. முறுக்கெல்லாம் ஒரே நொடியில் பிரிய, கோல் விசிறிபோல் சுழன்று கயிற்றிலிருந்து தெறித்து, பின்கண்ணாடியின் கீழ்மூலையில் நுனியால் ஒரு குத்து குத்திவிட்டு விழுந்தது. அவ்வளவுதான். பட்டாசுபோல் ஒரே சத்தம்.

முதலில் கண்ணாடி உடையவில்லை என்றே நினைத்தேன். அது விழவில்லை, வெள்ளையாகிவிட்டது. கண்ணாடி முழுவதும் ஒரு கடுகளவு இடம் விடாமல் வெடித்து, வெடித்தது வெடித்தபடியே நின்றுகொண்டிருந்தது. அதோடு உள்ளேயிருந்து சன்னமாக ஒரு சத்தம். திருஷ்டி கழித்து அடுப்பில் போட்ட உப்பு பொரிவதுபோல, விட்டு விட்டு. குத்துப்பட்ட மூலையிலிருந்து மட்டும் ஒரு பிடி சில்லுகள் தெறித்துப் பாவின் முனையில் விழுந்திருந்தன. கண்ணாடிக்கும் பாவின் முனைக்கும் நடுவே மூன்றடி.

உடனே கார் அலறத் தொடங்கியது.

"யாரும் கிட்ட வராதீங்க!" என்று நெசவாளர் கையை விரித்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "கதவத் தொடாதீங்க. கயித்தத் தொடாதீங்க."

கண்ணாடித் தூள் ஈர இழையில் இறங்கினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தறியில் ஒவ்வொரு மிதிக்கும் இழை அறும். மூன்று புடவையில் ஒன்றுகூடத் தேறாது. அந்தப் பட்டும் கடைக்காரர் கொடுத்தது, கல்யாண ஆர்டர். இந்தப் பாவு கெட்டால் தீபாவளிக்குள் அவர்களுக்கு வேறு பாவு கிடைக்கப்போவதில்லை. கயிற்றைத் தளர்த்தி முனையை நகர்த்தவும் முடியாது. கஞ்சி காயாத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். காய்ந்து, பிரித்து, உருளையில் சுருட்டி முடிக்கும் வரை இன்னும் முக்கால் மணி நேரம் பாவு அங்கேயேதான் இருந்தாக வேண்டும். அதுவரை அந்தக் கண்ணாடியும் நிற்க வேண்டும்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மகள்.

"அப்பா, வண்டி அலாரம் அடிக்குதுன்னு எனக்கு மெசேஜ் வருது. எவனாவது இடிச்சிட்டானா?"

"நீ எங்க இருந்து பேசற?"

"பூனாலதான். இரு, கேமராவுல பாக்கறேன்." அலறல் சட்டென்று நின்றது. அங்கே விரலால் தொட்டிருக்கிறாள். இங்கே எங்கள் தெரு அமைதியாகிவிட்டது. "இன்னாப்பா அது, ரோடு முழுக்க மஞ்சளா?"

"பாவும்மா. பின்கண்ணாடி..."

"உடைஞ்சிடுச்சா? ஐயோ. சரி, பரவால்ல. உள்ள தார்ப்பாய் இருக்குது. பின்கதவ நான் இங்கேருந்தே திறக்கறேன், எடுத்து..."

"தொடாதே!" என்று நான் கத்தினேன். தெருவே கத்தியது. அந்தக் கதவு கீழிருந்து மேலாகத் தூக்கித் திறப்பது. திறந்தால் அத்தனை சில்லும் பாவுக்கு நேர் மேலே வந்து கொட்டும். நெசவாளர் என் கையோடு போனைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, உன் கால்ல விழறேன் பாப்பா. எதையும் அமுக்காத."

என் மகளுக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான். "அமுக்கல அண்ணா. போனைக் கீழ வச்சிட்டேன், கைய எடுத்துட்டேன்," என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். டேப் ஒட்டலாம் என்றார் ஒருவர். ஒட்டுகிற அழுத்தத்திலேயே விழுந்துவிடும் என்றார் இன்னொருவர். போர்வையை நடுவில் பிடிக்கலாம் என்றார்கள். யார் முக்கால் மணி நேரம் பிடிப்பது? கண்ணாடி பொரிந்துகொண்டே இருந்தது.

என் மனைவி படியிலிருந்து சொன்னாள்: "நம்ம பீரோ கண்ணாடி விரிஞ்சப்ப பேப்பர் ஒட்டித்தானே நாலு வருஷம் ஓட்டினோம்? வேற வாங்குங்கன்னா கேட்டீங்களா நீங்க?"

"இப்ப அது எதுக்கு?"

"ஒட்டலாமேன்னு சொல்றேன்."

"பேப்பர் நனைஞ்சா கிழியும்கா," என்றார் நெசவாளரின் மனைவி. "துணி போடலாம். ஈரத்துணின்னா தானா ஒட்டிக்கும். கஞ்சிதான் குண்டான் நிறைய இருக்குதே."

துணி அகலமாக வேண்டும், தையல் இருக்கக் கூடாது. என் மனைவி உள்ளே போய் வந்தாள். கையில் நான் பொங்கலுக்கு எடுத்து இன்னும் பிரிக்காத வேட்டி.

"அதுவா?" என்றேன்.

"வேற இன்னாத்தக் கட்டப் போறீங்க? பிரிங்க."

கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு கை வேண்டும் என்று நெசவாளர் சொன்னார். வெளியே துணி படும்போது அது உள்பக்கம் சரிந்தால் கீழ்விளிம்பு பெயர்ந்து வெளியே கொட்டும். யாராவது உள்ளே போய்த் தலையணையால் மெல்லத் தாங்க வேண்டும். ஏறும்போது வண்டி ஆடக் கூடாது. "எடை கம்மியா யாரு இருக்கறீங்க?"

"அம்பத்திரண்டு கிலோ," என்றாள் என் மனைவி என்னைக் காட்டி. "வாரா வாரம் எடை பாத்து எழுதி வைக்கிறாரு. இன்னிக்காவது அது பிரயோஜனப்படட்டும்."

மகள் பூனாவிலிருந்து பக்கக் கதவின் பூட்டை மட்டும் விடுவித்தாள். கதவைத் திறந்தோம். சாத்தினால் உள்ளே காற்று அடிக்கும் என்று திறந்தபடியே விட்டோம். தலையணையோடு பின்சீட்டின் மேல் தவழ்ந்து, அதன் முதுகைத் தாண்டி, சாமான் வைக்கும் இடத்தில் முழங்காலிட்டேன். எழுபத்தொரு வயதில் செய்ததை இப்போது எழுதும்போது சுலபமாக இருக்கிறது. நிமிர்ந்தபோது கண்ணாடி என் முகத்துக்கு ஒரு சாண் எதிரே இருந்தது.

நான் பார்த்ததைச் சொல்ல எனக்குச் சரியாக வரவில்லை. வெளியே வெளிச்சம் வந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் அறுபத்திரண்டு அடிப் பட்டு நீண்டு கிடந்தது. ஆனால் அது ஒரு பட்டாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு பாவு இருந்தது. அரிசியளவு சில்லிலும் ஒரு மஞ்சள் கோடு, அதன் நுனியில் புள்ளியாகத் தெருக்கோடி. என் கண் பழக்கத்தில் எண்ணத் தொடங்கியது. ஒரு அங்குலச் சதுரத்தில் நாற்பத்தெட்டு. அதைக் கண்ணாடியின் பரப்போடு பெருக்கப் போனேன். பாதியில் விட்டுவிட்டேன். ஒரு கணக்கைப் பாதியில் விட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இத்தனை ஆயிரம் துண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளவில்லை. வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. எது நிற்க வைத்திருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மூச்சுவிடப் பயமாக இருந்தது.

தலையணையை வைத்தேன். அந்தப்பக்கம் நாலு பேர் வேட்டியின் நாலு முனையைப் பிடித்து மேலிருந்து இறக்கினார்கள். கஞ்சியில் நனைந்த துணி கண்ணாடியைத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் மஞ்சள் அணைந்து வெள்ளையானது. மேல் வரிசை, நடு, கீழ் என்று அது தானாகவே படிந்துகொண்டு வந்தது, யாரும் அழுத்தவில்லை. பொரிகிற சத்தம் குறைந்து நின்றது.

"புடிச்சிக்கினு இருக்குது," என்றார் நெசவாளர் வெளியே, மிக மெதுவாக.

அதன் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சில்லு பொறுக்கினார்கள். ஒவ்வொன்றையும் எடுத்து அலுமினியத் தட்டில் போடும் ஓசை வந்தது. நூற்றுப் பதின்மூன்று. பின்பு இழை பிரிக்கிற சத்தம், மழை ஓலையில் விழுவதுபோல. போன் சீட்டின் மேல் கிடந்தது.

"அப்பா, வேர்க்குதா? ஏ.சி. போடறேன்."

"வேணாம். அதிரும்."

"அதிராதுப்பா. உன் காலுக்குக் கீழ மட்டும், ஒண்ணாம் நம்பர்ல."

குளிர்ந்த காற்று என் பாதத்தில் பட்டது. பூனாவிலிருந்து என் மகள் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வண்டி அசையவில்லை. தன் முதுகில் ஐயாயிரம் இழையின் இழுப்பையும் உடைந்த கண்ணாடியையும் ஒரு கிழவனையும் வைத்துக்கொண்டு அது ஒரு சத்தமும் போடாமல் நின்றது. தென்னேரிச் சேற்றில் அதைச் சபித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

முழங்கால் முதலில் வலித்தது, அப்புறம் மரத்தது. வெளியே யாரோ, "சார் தூங்கிட்டாரா பாருப்பா," என்றார். "அவரா? இழைய எண்ணிக்கினு இருப்பாரு," என்று என் மனைவியின் குரல். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் பாதிக்கு மேல் சுருட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். பாதிக்கு முன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நாற்பத்தொரு நிமிடம். பிறகு வண்டியின் பக்கத் தகட்டில் விரலால் ஒரு தட்டு. "சார், பாவு உள்ள போயிடுச்சு. எறங்குங்க."

இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். தெரு காலியாக, ஈரமாக, சாதாரணத் தெருவாக இருந்தது. நெசவாளர் வேட்டியின் மேல்முனைகளை மெல்லத் தன் பக்கம் சரித்தார். கண்ணாடி துணியோடு வந்தது. விளிம்பில் இருந்த கொஞ்சம் மட்டும் சலசலவென்று கொட்டியது. மற்றதெல்லாம் வேட்டியோடு மடங்கியது. ஆம், கண்ணாடி மடங்கியது, நனைத்த பாய்போல. நாலு பேர் முனையைப் பிடிக்க நடுவில் தொட்டிலாகத் தொங்கியது. நாங்கள் எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தோம். பட்டு நெய்கிறவர்கள் அவர்கள்; துணியைப் பார்த்து வாயடைத்து நின்று நான் கண்டதில்லை. அன்று நின்றார்கள். வீட்டுத் தராசில் தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ முன்னூறு, வேட்டி கஞ்சி உட்பட.

சாயங்காலம் நெசவாளர் பணத்தோடு வந்தார். என் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "காலையில எங்க வண்டியக் கல்லா நட்டுக் குடுத்தோமே, அதுக்கு வாடகை இன்னா தருவ? அதையும் சேத்துக் குடு, வாங்கிக்கறேன்." அவர் சிரித்துவிட்டுப் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். அவர் கண் கலங்கியிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

புதுக் கண்ணாடி வடக்கேயிருந்து வர பதினோரு நாள் ஆனது. அதுவரை பிளாஸ்டிக் தாள். இன்சூரன்சுக்காரர் வந்து, எப்படி உடைந்தது என்று கேட்டார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். "சார், பாவுன்னா?" என்றார். வெளியூர்க்காரர். எதிர்வீட்டுக்கு அழைத்துப்போய்த் தறியில் ஏறியிருந்ததைக் காட்டினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த தறியின் சத்தத்தில் ஒரு முறைகூட நிற்கிற இடைவெளி வரவில்லை. நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று புடவையும் நெய்து முடிய ஆன ஆறு வாரமும் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அதையேதான் கேட்டேன். இழை அறுந்தால் தறி நிற்கும். அது நிற்கும்போதெல்லாம் என் நெஞ்சும் நின்று, தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி ஓடும்.

செப்டம்பர் கடைசியில் மூன்றாவது புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்று நெசவாளரின் மனைவி வந்தார். காகிதத்தில் எதையோ மடித்துக் கொண்டுவந்தார். பிரித்தார். ஒரே ஒரு சில்லு.

"கடைசிப் புடவையில, முந்திக்கு ஒரு முழம் முன்னால சார். ரெண்டு இழைக்கு நடுவுல உக்காந்துக்கினு இருந்துச்சு. நாங்க பொறுக்கினதுல தப்பிச்சது. ஆறு வாரமா உருளைக்குள்ளயே சுத்திக்கினு இருந்திருக்குது."

"இழை?"

"ஒண்ணுகூட அறுக்கல."

வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முனை எல்லாம் மழுங்கி, கல்கண்டுபோல் இருந்தது. அன்று முழங்காலிட்டுப் பார்த்தபோது இதற்குள்ளும் ஒரு பாவு தெரிந்திருக்கும். இப்போது என் கைரேகை தெரிந்தது. நூற்றுப் பதினான்கு என்று சொல்லிக்கொண்டேன். பூஜை அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கண்ணாடி விலையை இன்சூரன்ஸ் கட்டியது. அதில் நாங்கள் கட்ட வேண்டிய பங்கு இரண்டாயிரம். பிளாஸ்டிக் தாளும் டேப்பும் நூற்று எண்பது. வேட்டி அறுநூற்று நாற்பது. துவைத்ததில் கஞ்சி போனாலும் அதிலிருந்து கண்ணாடித் தூள் போகவில்லை. மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.